கடையில் கண்டிப்பு வேறு, கொடுமை வேறு



"கடைக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிற்பதில்லை." ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இரண்டு வணிகர்கள் சந்தித்தால் பேச்சு இதில்தான் வந்து முடிகிறது. ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. சூசுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கப்பால் பெங்களூர். உடம்பில் தெம்புள்ள பையன் நம் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டு ஏன் இருக்கப் போகிறான் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

ஊதியக் குறைவு ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆனால் நாம் பேசத் தயங்கும் இன்னொரு காரணமும் இருக்கிறது. கடைக்குள் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் கொடுமையே அது. அதை எப்படி அடையாளம் காண்பது, எப்படித் தீர்ப்பது என்பதே இம்மாதப் பாடம்.

ஒரு கடையில் நடந்தது

நம் உறுப்பினர் ஒருவர் நம்மிடம் மனம்விட்டுச் சொன்ன நிகழ்ச்சி இது. மொத்த மளிகைக் கடை வைத்திருப்பவர். தளி பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். தமிழ் பேசினால் சற்றுத் தடுமாறும். கடையில் பல வருடம் பழகிய மூத்த ஆள் ஒருவர் இருந்தார். கணக்கில் கெட்டிக்காரர், நம்பிக்கையானவர். அவர் அந்தப் பையன் பேசுவதைப் போலவே பேசிக் காட்டுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். கிடங்கில் மிளகாய் மூட்டை இறக்கும் வேலை எப்போதும் அந்தப் பையன் தலையில்தான் விழும். அவன் சாப்பாட்டுத் தூக்கை ஒளித்து வைப்பார்கள். எடை குறைந்தது என்று வாடிக்கையாளர் வந்தால், யார் கட்டிய பொட்டலம் என்று பார்க்காமலே "அவன்தான்" என்று கை காட்டுவார்கள்.

முதலாளி கல்லாவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பையன்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் போன பையன் திரும்பி வரவில்லை. பன்னிரண்டு நாள் சம்பளம் பாக்கி. நன்றி கெட்டவன் என்று முதலாளி பத்துப் பேரிடம் சொல்லியும் ஆயிற்று.

ஒரு வாரம் கழித்துப் பையனின் தகப்பனார் பாக்கியைக் கேட்டு வந்தார். என்னதான் நடந்தது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று முதலாளி கேட்டார். அவர் சொன்ன பதில்: "அடிச்சிருந்தா வந்து சொல்லியிருப்பான், ஐயா. எல்லாரும் சேர்ந்து சிரிச்சா, அதை எப்படிப் போய்ச் சொல்றது?"

அன்று இரவு முதலாளி வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். ஒரே வருடத்தில் நின்று போனவர்கள் மூன்று பேர். மூவரும் அந்த மூத்த ஆளின் கீழ் வேலை பார்த்தவர்கள். சரக்கு ஒரு மூட்டை குறைந்தால் அன்றே கண்டுபிடிக்கிற நாம், மூன்று ஆள் குறைந்ததன் காரணத்தை ஒரு வருடமாகக் கண்டுபிடிக்கவில்லையே என்று அவர் நம்மிடம் வருந்தினார்.

எல்லை எது?

வேலை என்றால் கண்டிப்பு இருக்கத்தான் செய்யும். தராசைத் துடைக்காமல் விட்டால் கேட்கத்தான் வேண்டும். நேரத்துக்கு வராதவனைச் சும்மா விட முடியாது. ஆகவே கண்டிப்பும் கொடுமையும் எங்கே பிரிகின்றன என்பது நமக்குத் தெளிவாக வேண்டும்.

1. கண்டிப்பு தவறைப் பற்றிப் பேசும். கொடுமை ஆளைப் பற்றிப் பேசும். "பருப்பில் நூறு கிராம் குறைகிறது, மறுபடி நிறுத்துப் போடு" என்பது கண்டிப்பு. "உங்க ஊர்க்காரனுக்கு எண்ணத் தெரியுமா?" என்பது கொடுமை.

2. கண்டிப்பு தவறு திருந்தியதும் முடிந்துவிடும். கொடுமைக்கு முடிவே இருக்காது. சரியாகச் செய்தாலும் வேறு ஒரு குறை கண்டுபிடிக்கப்படும்.

3. கண்டிப்பு எல்லோருக்கும் ஒரே அளவு. கொடுமை ஒருவரையே தேடிப் போகும். பெரும்பாலும் புதியவர், வெளியூர்க்காரர், மொழி தெரியாதவர், பெண், வயதில் சிறியவர், கடன்பட்டவர் ஆகியோரையே தேடும்.

4. கண்டிப்பைத் தனியே அழைத்தும் சொல்லலாம். கொடுமைக்கு வேடிக்கை பார்க்க ஆள் வேண்டும்.

அடியும் வசவும் மட்டுமே கொடுமை என்று எண்ண வேண்டாம். யாரும் பேசாமல் ஒதுக்கி வைப்பது, சாப்பிட நேரம் கொடுக்காமல் இழுத்தடிப்பது, செய்ய முடியாத வேலையைக் கொடுத்து முடியவில்லை என்று ஏசுவது, பட்டப்பெயர் வைப்பது, திருடன் என்று ஆதாரமில்லாமல் ஜாடையாகப் பேசுவது ஆகிய எல்லாம் இதில் அடங்கும்.

சுவீடன் நாட்டில் ஹைன்ஸ் லேமன் என்ற உளவியலாளர் 1980களில் இதை ஆராய்ந்தார். வாரம் ஒரு முறையாவது, ஆறு மாதமாவது தொடர்ந்து ஒருவரைக் குறிவைத்துத் துன்புறுத்துவதை அவர் தம் ஆய்வுக்கு அளவாக வைத்துக்கொண்டார். அந்த நாடு 1993இல் இதற்கென்று தனி விதியே இயற்றியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே ஒரு முறை நடந்தாலும் அது துன்புறுத்தலே என்கிறது. ஆறு மாதம் காத்திருந்து கணக்குப் பார்க்க நம் கடைப் பையன் இருக்க மாட்டான். ஆகவே நமக்கு இரண்டாவது அளவே பொருந்தும்.

நிற்பதே ஒரு தண்டனையாக

நம் தொழிலுக்கே உரிய கொடுமை ஒன்று உண்டு. அது உட்கார விடாமல் வைத்திருப்பது. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில்கூட ஊழியர் உட்கார்ந்தால் முதலாளிக்கு மரியாதைக் குறைவு என்று ஒரு பழக்கம் பல இடங்களில் இருந்து வந்தது. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி என்பவர் முன்னின்று நடத்திய பெண்கூட்டு அமைப்பின் மூலம் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அதன் பலனாக 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

2010இல் வந்த 'அங்காடித் தெரு' படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். சென்னை ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் வாழ்க்கையை வசந்தபாலன் அதில் காட்டினார். மேற்பார்வையாளரிடம் அடி வாங்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக் கண் கலங்கிய நாம், மறுநாள் காலை நம் கடையில் எப்படி நடந்துகொண்டோம் என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

பொதுவான பணியிடக் கொடுமைக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் அதன் பல வடிவங்கள் ஏற்கெனவே சட்டத்துக்குள் வருகின்றன. வணிகர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை இவை.

அ) சம்பளத்தைப் பிடித்து வைப்பது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையிலிருந்து நின்றவருக்கும் நிறுத்தப்பட்டவருக்கும் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். "சொல்லாமல் போனான், அலையட்டும்" என்பது இனிச் செல்லாது. சரக்கு சேதமானால் அவர் பொறுப்பில் விட்ட பொருளாக, அவர் கவனக்குறைவால் நேர்ந்ததாக இருக்க வேண்டும். விளக்கம் கேட்ட பிறகே பிடிக்கலாம். அதுவும் நஷ்டத் தொகைக்கு மேல் பிடிக்கக் கூடாது.

ஆ) முன்பணத்தைக் காட்டி மிரட்டுவது. அட்வான்ஸ் தீரும்வரை வேறெங்கும் போகக் கூடாது என்று தடுத்து வேலை வாங்குவது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இ) பெண்களிடம் தவறாக நடப்பது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு அமைக்க வேண்டும். அமைக்காவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைந்த கடையில் வேலை பார்க்கும் பெண்ணும், முதலாளி மீதே புகார் சொல்ல வேண்டிய பெண்ணும், மாவட்ட அளவிலான குழுவிடம் மூன்று மாதத்துக்குள் முறையிடலாம். பெண்கள் உதவி எண் 181.

ஈ) சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது. பட்டியல் சாதி, பழங்குடியினரை மற்றவர்கள் பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். கடை வாசலில் நின்று "வாய் தவறி வந்துவிட்டது" என்று சொல்லித் தப்ப முடியாது.

உ) திடீரென்று நிறுத்துவது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நீக்கக் கூடாது என்று 1947ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. புகார் சொன்னவரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இதனால் நமக்கே வினையாக முடியும்.

எப்படித் தீர்ப்பது?

முதலில் கேளுங்கள். புகார் சொல்ல வருபவரைக் கல்லா முன் நிறுத்திக் கேட்காதீர்கள். எதிராளியை வைத்துக்கொண்டும் கேட்காதீர்கள். கடை அடைத்த பிறகு உட்கார வைத்துக் கேளுங்கள். நம் எல்லைப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி என்று பல மொழி பேசுவோர் ஒரே கூரையின்கீழ் வேலை செய்கிறார்கள். அவருக்கு எந்த மொழி வருமோ அதில் சொல்லட்டும். நமக்குத் தெரியாவிட்டால் தெரிந்த நடுநிலையாளர் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம்.

அடுத்து எழுதிக்கொள்ளுங்கள். என்று, எத்தனை மணிக்கு, என்ன சொன்னார், யார் உடன் இருந்தார் என்று நாலு வரி போதும். பிறகு மற்றவர் தரப்பையும் அதே பொறுமையுடன் கேளுங்கள். பழகியவர், நம்பிக்கையானவர் என்பதற்காக அவர் சொல்வதே உண்மை என்று முடிவு கட்ட வேண்டாம். எல்லாப் புகாரும் உண்மையாகவே இருக்கும் என்பதும் இல்லை. இரண்டையும் விசாரித்தே அறிய வேண்டும்.

தவறு உறுதியானால் எழுத்து மூலம் எச்சரியுங்கள். இருவருக்கும் வேறு வேறு வேலை இடம் கொடுங்கள். இடம் மாற்றப்படுபவர் துன்பப்பட்டவராக இருக்கக் கூடாது. பதினைந்து நாள் கழித்து மறுபடி விசாரியுங்கள். பலரும் கோட்டை விடுவது இந்தக் கடைசிப் படியில்தான். கை நீட்டிய சம்பவமாகவோ பெண் சம்பந்தப்பட்டதாகவோ இருந்தால், கடைக்குள்ளேயே சமரசம் பேசி மூடி மறைக்காமல் சட்ட வழியில் போக உதவுங்கள்.

வாடிக்கையாளர் ஒருவர் நம் ஊழியரை அவமானப்படுத்தினால், கடன் பாக்கி உள்ள நல்ல வாடிக்கை என்று வாய் மூடி இருக்கக் கூடாது. "சரக்கில் குறை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், பையனைத் திட்ட வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாடிக்கை போய்விடாது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட ஊழியர் நம்மை விட்டு எளிதில் போகவும் மாட்டார்.

கொடுமை செய்பவர் நம் மைத்துனராகவோ, மகனாகவோ, ஏன் நாமாகவே இருந்தால்? கடினமான கேள்விதான். நம்மில் பலர் சிறு வயதில் இன்னொருவர் கடையில் குட்டுப்பட்டு, மூட்டை மேல் படுத்துத் தூங்கி, தொழில் கற்று வந்தவர்கள். "நாங்கள் படாத பாடா?" என்று பெருமையாகக்கூடச் சொல்கிறோம். நமக்குத் தொழிலைக் கற்றுக் கொடுத்தது யாரோ பொறுமையாகக் காட்டிய தராசும் கணக்கும்தான். குட்டு எதையும் கற்றுக் கொடுக்கவில்லை. அது வலித்தது என்பது மட்டுமே இன்றும் நினைவிருக்கிறது.

இம்மாதம் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை

1. சென்ற ஒரு வருடத்தில் நம் கடையை விட்டு நின்றவர்கள் எத்தனை பேர்? அவர்கள் யார் கீழ் வேலை பார்த்தார்கள்?

2. எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காத ஊழியர் யார்?

3. கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார நம் ஊழியருக்கு ஒரு முக்காலியாவது இருக்கிறதா?

4. நம்மிடம் சொல்ல முடியாததை நம் ஊழியர் யாரிடம் போய்ச் சொல்வார்?

அந்த உறுப்பினர் பன்னிரண்டு நாள் சம்பளத்தைத் தகப்பனார் கையில் கொடுத்ததோடு, மறு வாரம் தாமே தளிப் பக்கம் போய்ப் பையனைப் பார்த்துவிட்டு வந்தார். பையன் திரும்பி வரவில்லை. அவனுக்குத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்துவிட்டது. ஆனால் மூத்த ஆளிடம் அவர் தனியே அமர்ந்து பேசினார். எழுத்து மூலமும் கொடுத்தார். அதன்பின் சேர்ந்த ஆள் இன்று வரை அந்தக் கடையில் இருக்கிறார்.

நம் கடைப் பதிவேட்டை நாமும் இன்று இரவே ஒரு முறை புரட்டிப் பார்ப்போம்.