முட்டையிடும் விலங்கின் பால்

முட்டையிடுவது பறவை, குட்டி ஈன்று பாலூட்டுவது விலங்கு என்று நாம் எளிதாகப் பிரித்துக் கூறுவது வழக்கம். அப்பிரிவில் அடங்காத உயிர்களும் உலகில் உள்ளன. ஆஸ்திரேலியாவில் வாழும் பிளாட்டிபஸ், அங்கும் நியூ கினித் தீவிலும் வாழும் எக்கிட்னா ஆகியவை முட்டையிடுகின்றன. குஞ்சுகளுக்குப் பாலும் ஊட்டுகின்றன.

ஐரோப்பிய அறிஞர்கள் இதனை எளிதில் ஏற்கவில்லை. பிளாட்டிபசுக்குப் பால் சுரப்பி உண்டு என்று 1826இல் ஜெர்மானிய அறிஞர் மெக்கல் எழுதினார். காம்பு இல்லாத விலங்கு எவ்வாறு பாலூட்டும் என்று சிலர் மறுத்தனர். பாலூட்டும் விலங்கு முட்டையிடுமா என்ற ஐயமும் நெடுநாள் நீடித்தது. 1884இல் வில்லியம் ஹே கால்டுவெல் ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து, இவை முட்டையிடுவதை உறுதிப்படுத்தினார்.

முட்டை மிகச் சிறியது. ஏறத்தாழப் பத்து நாள் அடைகாத்தபின் வெளிவரும் குஞ்சுக்குக் கண் திறந்திராது; உடலில் உரோமமும் இராது. அது பிழைப்பதும் வளர்வதும் தாய்ப்பாலாலேயே. பிளாட்டிபஸ் குஞ்சு மூன்று, நான்கு மாதங்கள் பால் குடிக்கிறது.

இப்பாலைச் சுரக்கச் செய்வன ஹார்மோன்கள். இவை குருதியின் வழியே செல்லும் தூதர்கள் போன்றவை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இரண்டு தூதர்கள் புறப்படுகின்றன. புரோலாக்டின் பாலை உருவாக்கத் தூண்டுகிறது. ஆக்சிடோசின் உருவான பாலை வெளியேற்றுகிறது. குஞ்சு தாயின் வயிற்றை முட்டும்போது அத்தொடு உணர்வு நரம்பின் வழியே மூளையை அடைகிறது. உடனே ஆக்சிடோசின் குருதியில் கலந்து, பால் சுரப்பியைச் சூழ்ந்த தசை போன்ற செல்களைச் சுருங்கச் செய்கிறது. பால் தோலில் உள்ள இரண்டு திட்டுகளின் வழியே உரோமத்தின் அடியில் கசிகிறது. குஞ்சு அதனைப் பருகுகிறது.

தூதர் இருவராக இருப்பதன் பயனை எக்கிட்னாவிடம் காணலாம். குஞ்சுக்கு முள் முளைத்ததும் தாய் அதனை வளையில் விட்டுவிட்டு இரை தேடச் செல்கிறது. சில நாள்களுக்கு ஒரு முறையே திரும்புகிறது. தாய் வெளியே திரியும்போதும் பால் உருவாகிறது. குஞ்சு அருகில் வந்த பிறகே அது வெளிப்படுகிறது. ஆதலால் பால் வீணாவதில்லை.

பசுவின் மடியிலும் இவ்விரு ஹார்மோன்களே பணிபுரிகின்றன. புறா தன் தொண்டைப்பையில் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும் ‘புறாப்பால்’ உருவாகவும் புரோலாக்டினே காரணம். காம்பும் கருப்பையில் குட்டியை நெடுநாள் வளர்ப்பதும் பாலூட்டிக்கு இன்றியமையாத அடையாளங்கள் அல்ல. பால் சுரந்து குஞ்சை வளர்ப்பதே அதன் உண்மையான அடையாளம். ஓர் உயிரைத் தோற்றத்தால் மட்டும் வகைப்படுத்தலாகாது என்பதைப் பிளாட்டிபஸ் நமக்கு உணர்த்துகிறது.

சொற்பொருள்
ஈனுதல் – பெறுதல்
குருதி – இரத்தம்
வளை – விலங்கு வாழும் பொந்து
ஐயம் – சந்தேகம்

பயிற்சி
1. பிளாட்டிபஸ் பாலூட்டும் என்பதைச் சிலர் மறுத்தது ஏன்?
2. புரோலாக்டின், ஆக்சிடோசின் ஆகியவற்றின் பணிகளை வேறுபடுத்தி எழுதுக.
3. குஞ்சு முட்டுவது முதல் பால் கசிவது வரை நிகழ்வனவற்றை வரிசைப்படுத்துக.
4. ‘தோற்றத்தால் மட்டும் வகைப்படுத்தலாகாது’ – இக்கருத்தை வேறோர் உயிரினத்தைக் கொண்டு விளக்குக.