வெடிமருந்தும் குற்றச் சட்டமும்

சாத்தூருக்கடுத்த ஏழாயிரம்பண்ணைப் பகுதி வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்த காலங்களில் தீப்பெட்டியும் பட்டாசுமே அங்குள்ள குடிகளுக்குச் சோறளித்து வருகின்றன. அப்பகுதியைச் சேர்ந்த அச்சங்குளத்தில் 2021-ம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி ஒரு பட்டாசுச் சாலை வெடித்து, இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய விபத்துக்களின் பின் கிராமங்களில் எழும் கேள்விகள் இரண்டு. ஜாமீன் கிடைத்துவிட்டால் வழக்கு அவ்வளவுதானா? பணம் பெற்றுக் கையொப்பமிட்டால் வழக்கு தீர்ந்துபோகுமா? அன்று என்பதே இரண்டுக்கும் விடை.

ஓர் உயிர் போன விதம் ஒன்றாயிருப்பினும், அதற்குக் காரணமானவனுடைய மனநிலையை வைத்தே சட்டம் குற்றத்தைத் தரம் பிரிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் 1860-ம் வருஷத்து இந்தியன் பீனல் கோடுக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதை அமலில் இருக்கிறது. அத்தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே செல்லும். வெடிமருந்தை அஜாக்கிரதையாகக் கையாண்டு பிறர் உயிருக்கு அபாயம் விளைவித்தால், எவரும் சாகாவிடினும், 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. அஜாக்கிரதையால் மரணம் நேர்ந்தால் 5 வருஷம் வரை சிறையும் அபராதமும். பழைய சட்டத்தில் இது 2 வருஷமாகவே இருந்தது. சாவு நேரக்கூடும் என்று அறிந்தே செய்திருந்தால் அது கொலையாகாத மரணம் விளைவித்தல் ஆகும். 10 வருஷம் வரை சிறை. அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்களையும் மருந்தையும் ஓர் அறையில் அடைத்தவர் அபாயத்தை அறிந்திருந்தாரா என்பதே கோர்ட்டில் பெரும் வாதமாகிறது. உயிருக்கு ஆபத்து உண்டாக்கும் கெட்ட எண்ணத்துடன் வெடிக்கச் செய்தவனுக்கோ 1908-ம் வருஷத்துச் சட்டப்படி ஆயுள்தண்டனையும் விதிக்கலாம்.

இனி, ஜாமீன். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தல் ஜாமீனில் விடத்தக்க குற்றம். ஆகவே கைதானவர் ஜாமீன் கேட்டால் கொடுத்தே தீரவேண்டும். அது விடுதலையன்று, விசாரணை நடந்தே தீரும். லைசென்ஸின்றிப் பட்டாசு செய்வதோ 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டப்படி 3 வருஷம் வரை தண்டனைக்குரியது. இத்தகைய தனிச் சட்டங்களில் 3 வருஷத்துக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றங்கள் ஜாமீனில் விடத்தக்கவை. 3 வருஷமும் அதற்கு மேலும் உள்ளவை விடத்தகாதவை. "3 வருஷம் வரை" என்பது எந்தப் பக்கம் சேரும் என்ற ஐயத்தை, 2022-ல் பதிப்புரிமை வழக்கொன்றில், கடுமையான பக்கமே என்று சுப்ரீம் கோர்ட் தீர்த்தது. இதன் பயன் விசித்திரமானது. பல உயிர்களைப் பலிகொண்ட அஜாக்கிரதைக்கு ஜாமீன் உரிமையாகக் கிடைக்க, கூலிக்காகத் திண்ணையில் அமர்ந்து மருந்தடைக்கும் ஏழைக்கு அது கோர்ட்டின் தயவாகிறது. லைசென்ஸ் முதலாளியிடம் இருக்கிறதே என்னும் சமாதானம் செல்லாது. லைசென்ஸ் குறிப்பிட்ட இடத்துக்குரியது. தொழிலாளியின் வீட்டை அது காவாது. உள்குத்தகைக்கு எடுத்து நடத்துவோருக்கும் அது துணையாகாது.

ராஜி விஷயத்திலேதான் குடும்பங்கள் பெரிதும் ஏமாறுகின்றன. சிறு அடிதடி, அவதூறு போன்றவற்றைப் பாதிக்கப்பட்டவர் ராஜி செய்துகொள்ளலாம். அஜாக்கிரதையால் நேர்ந்த மரணம் அந்த ஜாபிதாவில் இல்லை. இறந்தவரின் மனைவியோ மகனோ எந்தக் காகிதத்தில் கையொப்பமிட்டாலும், வழக்கை நடத்துவது சர்க்காரே. கையொப்பத்தால் அது நின்றுவிடாது. தொழிலாளர் நஷ்டஈடோ வேறு சட்டத்தின்படி வரும் தனி உரிமை. ஆதலால், "இனி எவ்விதப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதிய காகிதத்தைத் துக்க வீட்டில் எவரேனும் நீட்டினால், வக்கீல் ஒருவர் படித்துச் சொல்லும் வரை அதில் கைவைக்கலாகாது.

முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பிராது கொடுத்தவரும் பாதிக்கப்பட்டவரும் போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகப் பெறலாம். வக்கீலுக்குப் பணமில்லாதோர் ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், தொழில் விபத்தில் பாதிக்கப்பட்டோருக்கும் 1987-ம் வருஷத்துச் சட்டப்படி வருமானம் பாராமல் அங்கே வக்கீல் உதவி கிடைக்கும்.