மெக்கானிக் வேலையில் காசு எங்கே இருக்கிறது?

போன ஐப்பசி மழையில் என் ஸ்கூட்டர் நின்றுபோனது. முதலில் போன கடையில் பிளக் மாற்றினார்கள், பேட்டரி மாற்றினார்கள். அடுத்து பெட்ரோல் பம்பையும் மாற்றவேண்டும் என்றார்கள். அதற்குள் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் போயிருந்தது. பம்பு விலைக்குப் பயந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, ஆற்றுப்பாலம் போகிற வழியில் இன்னொரு கடையில் விட்டேன். அங்கிருந்த தம்பி சாவியைத் திருப்பிவிட்டு சீட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தார்.

"அண்ணாச்சி, சாவி போட்டதும் ரெண்டு செகண்டு பம்பு முனங்கணும். சத்தம் வரலை பாத்தியளா? ஆனா பம்பு போயிருக்கும்னு எனக்குத் தோணலை."

மல்டிமீட்டரை எடுத்து ஃபியூஸில் ஆரம்பித்து வயரைத் தொடர்ந்து போனார். இருபது நிமிடத்தில் எலி கடித்த இடம் அகப்பட்டது. ஒட்டுப்போட்டு டேப் சுற்றினார். வண்டி கிளம்பியது. கூலி எவ்வளவு என்றேன். நூறு ரூபாய் என்றார்.

அம்பாசமுத்திரத்தில் மெக்கானிக் தொழிலுக்கு வருமானம் இருக்கிறதா என்று கேட்கிற பெற்றோருக்கும் பையன்களுக்கும் இந்த நூறு ரூபாயைத்தான் காட்டுவேன். தேவையில்லாத பேட்டரி விற்றவருக்கு லாபம். கோளாறைக் கண்டுபிடித்தவருக்கு டீச்செலவு. இதைத் தலைகீழாக மாற்றத் தெரிந்தால் இந்தத் தொழிலில் நன்றாகவே பிழைக்கலாம். அதற்கு எங்கே தொடங்கி எப்படிப் போவது என்று பார்ப்போம்.

பத்தாம் வகுப்பை விடாதீர்கள்

"படிப்பு ஏறலை, பட்டறையில விட்டுட்டேன்" என்கிற பேச்சு நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம் என்பது ஒருபுறம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் போனால் பின்னால் மூடுகிற கதவுகள் பல. மோட்டார் மெக்கானிக் ஐடிஐ படிப்புக்கு அது வேண்டும். பத்து தேறாதவர் வளைகுடாவுக்குப் போவதென்றால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை விழும். ஒவ்வொரு முறையும் அனுமதி வாங்கியாக வேண்டும். பட்டறைக்கு ஒரு வருடம் பிந்திப் போவதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஐடிஐயில் எந்தப் பிரிவு?

நம் ஊரிலிருந்து ரயிலில் போனால் நெல்லை டவுனுக்கு முந்தின நிறுத்தம் பேட்டை. அங்கே அரசு ஐடிஐ இருக்கிறது. அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. பெண்கள் சேர உச்ச வயது வரம்பே இல்லை. திருமணமாகி, குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் சேர நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

டீசல் மெக்கானிக் ஒரு வருடம். மோட்டார் வாகன மெக்கானிக் இரண்டு வருடம். சீக்கிரம் முடிகிறதே என்று பலர் ஒரு வருடப் படிப்பில் சேர்கிறார்கள். இரண்டு வருடப் படிப்பைத்தான் நான் சொல்வேன். அதை முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ கையில் இருந்தால் கம்பெனி ஷோரூமில் சர்வீஸ் அட்வைசர், ஒர்க்ஸ் மேனேஜர் என்று ஏறலாம். ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோவோடு டிஎன்பிஎஸ்சி எழுதி மோட்டார் வாகன ஆய்வாளர் வேலைக்கும் முயலலாம்.

ஏற்கெனவே பட்டறையில் சில வருடம் வேலை பார்த்தவர்களுக்கும் வழி இருக்கிறது. அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அறிவிப்பு வெளியிடும்போது விண்ணப்பிக்க வேண்டும். கைத்தொழில் முழுதாகத் தெரிந்தும் காகிதம் இல்லாததால் கம்பெனி வேலைக்கு மனுப் போடாமல் இருப்பவர்கள் இதை விடக்கூடாது.

படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் அப்ரண்டிஸாகக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையிலோ போங்கள். சம்பளம் குறைவுதான். ஆனால் டார்க் ரெஞ்ச் பிடிக்கவும், ஸ்கேனரை மாட்டி எர்ரர் கோடு படிக்கவும், வேலையைக் காகிதத்தில் எழுதிவிட்டுத் தொடங்கவும் அங்கேதான் பழகுவீர்கள். அப்புறம் ஒரு உள்ளூர் மேஸ்திரியிடம் ஒரு வருடம். கம்பெனியில் பழைய வண்டி வராது. உள்ளூர்க் கடையில் புது வண்டி வராது. இரண்டையும் பார்த்த கைதான் ஊரில் கடை போட லாயக்கு.

என்ன வண்டி ஓடுகிறது என்று பாருங்கள்

பாலத்துப் பக்கம் ஒரு நாள் காலையில் ஒரு மணிநேரம் நின்று எண்ணிப் பாருங்கள். புல்லுக்கட்டு, உரமூட்டை, பால்கேன் என்று எதை ஏற்றினாலும் அது பெரும்பாலும் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியாகத்தான் இருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தபிறகு அந்த எக்ஸெல்லிலேயே கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டியே காலம் தள்ளிய கடைகளுக்கு இனி வேலை குறையும். மீட்டர் பிடித்து வயரைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கூடும்.

தாமிரபரணி ஆற்றின் இருகரையிலும் வயல். கார், பிசானம் என்று இரண்டு பூ நெல்லுக்கும் டிராக்டர் ஓடுகிறது. உழவு நேரத்தில் ஹைட்ராலிக் லிஃப்ட் தூக்கவில்லை என்றால் விவசாயி மறுநாள் வரை பொறுக்கமாட்டார். வயலுக்கே வந்து பார்க்கிறவருக்குக் கேட்ட கூலி கிடைக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கத் தயங்காத இளைஞருக்கு டிராக்டர்தான் என் முதல் சிபாரிசு. பட்டறைக்கு வாடகை கூட வேண்டாம்.

மூன்றாவது, மலைப்பாதை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஏறி இறங்கும் வேன்களும் கார்களும் பிரேக் சூடாகி, கிளட்ச் தீய்ந்து பாபநாசத்தில் வந்து நிற்கும். பிரேக், கிளட்ச் வேலையில் பெயர் எடுத்தவருக்கு வேலைக்குக் குறைவிருக்காது.

மின்சார வண்டியையும் தள்ளிப்போட முடியாது. 2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலையே திறந்துவிட்டது. மின் ஸ்கூட்டரில் இன்ஜின் ஆயில் இல்லை, பிளக் இல்லை. பிரேக், டயர், பேரிங், சஸ்பென்ஷன், வயரிங் எல்லாம் இருக்கிறது. பேட்டரிப் பெட்டியை மட்டும் முறையான பயிற்சி இல்லாமல் பிரிக்காதீர்கள்.

வெள்ளம் காட்டிய கணக்கு

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை தாண்டியபோது எத்தனையோ வண்டிகள் முழுகின. தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் காரியம் ஸ்டார்ட்டரை அழுத்தியது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றி, பிளக்கைப் பிடுங்கி, கிக்கரை மெதுவாக மிதித்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயிலை இறக்கிப் பார்த்து அது பால் டீ நிறத்தில் இருந்தால் மலிவான ஆயில் ஊற்றிச் சிறிது ஓடவிட்டு மறுபடி இறக்கி, அப்புறம்தான் நல்ல ஆயில். இந்த வரிசை தெரிந்தவர் ஒரு இன்ஜினையே காப்பாற்றிக் கொடுக்கிறார். அதற்கான கூலி ஆயில் மாற்றும் கூலி ஆகாது.

கூலியைத் தனியாக எழுதுங்கள்

இருசக்கர வண்டிக் கடைக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்களை உங்கள் தெருவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நாலு சர்வீஸ், ஒன்றுக்குக் கூலி 350 ரூபாய், மாதம் 25 நாள்: 35,000. இதில் கடை வாடகை 5,000, உதவிக்கு நிற்கிற பையன் சம்பளம் 9,000, மின்சாரமும் வாட்டர் வாஷும் 2,000, கிரீஸ், வேஸ்ட் துணி, டீ 1,500. மிச்சம் 17,500. இதோடு நிறுத்தினால் கம்பெனியில் சம்பளத்துக்கு இருப்பதே மேல் என்று தோன்றும். ஸ்பேர் கமிஷனில் சரிக்கட்டப் பார்ப்பார்கள். அங்கேதான் என் பேட்டரி விற்கப்பட்டது.

கோளாறு கண்டுபிடிப்பதற்கு என்று ஒரு தனிக் கட்டணம் வையுங்கள். 200 ரூபாய் என்று பலகையிலேயே எழுதிவிடுங்கள். நாளைக்கு இரண்டு வண்டி வந்தால் மாதம் 10,000 கூடும். முதலில் வசவு விழும். "ஏல, ஒரு வயரத்தானல ஒட்டுன, அதுக்கு எரநூறா?" என்று பெரியவர் ஒருவர் கட்டாயம் கேட்பார். கழற்றிய வயரைக் கையில் கொடுத்து, "பெரியப்பா, எலி கடிச்ச எடம் இதுதான். இதத் தெரியாம பம்ப மாத்தியிருந்தா ரெண்டாயிரத்துக்கு மேல ஆயிருக்கும்" என்று காட்டுங்கள். மாற்றிய பழைய பொருளை எப்போதும் திருப்பிக் கொடுங்கள். அடுத்த முறை அவரே நாலு பேரைக் கூட்டிவருவார்.

கடன் சொல்வதுதான் நம் ஊரில் பட்டறைகளை மூடவைக்கிறது. "அறுப்பு முடிஞ்சி தாரேன்" என்பது பொய் இல்லை. பிசானம் அறுப்பு வரை கையில் காசு இருக்காது என்பது உண்மை. ஸ்பேர் காசை மட்டும் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், கூலியை அறுப்புக்கு விடுங்கள். ஸ்பேர் கடைக்காரர் உங்களிடம் அறுப்பு வரை காத்திருக்கமாட்டார்.

கடன், வெளிநாடு, வாரியம்

கருவிப் பெட்டிக்கு முத்ரா சிசு கடன் 50,000 ரூபாய் போதும். பட்டறையே போடுவதானால் மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி என்ற மானியக் கடன் திட்டம் பற்றிக் கேளுங்கள். பொதுப்பிரிவுக்கு நகரத்தில் 15 சதம், கிராமத்தில் 25 சதம் மானியம். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர் போன்றோருக்கு அது 25, 35. அம்பாசமுத்திரம் நகராட்சி. எல்லை தாண்டி ஊராட்சியில் கடை போட்டால் அதே திட்டச் செலவுக்குப் பத்து சதம் மானியம் கூட. முதல் கடையிலேயே இரண்டு லிஃப்ட் வாங்க ஆசைப்படாதீர்கள்.

வளைகுடாவுக்குப் போவதானால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலோ, பதிவுபெற்ற முகவரிடமோ மட்டும். முகவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். லட்சம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்ப்போருக்கும் சேர்த்து ஒரு நல வாரியம் இருக்கிறது. விபத்து உதவி, பிள்ளைகள் படிப்பு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. பதிவு இலவசம்.

இன்று சாயங்காலமே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிவிடுங்கள். வண்டி எண், கிலோமீட்டர், கோளாறு, மாற்றிய ஸ்பேர், கூலி என்று ஐந்து பத்தி. ஆறு மாதம் விடாமல் எழுதியிருந்தால் கடனுக்கு வங்கி மேனேஜர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் அதில் இருக்கும்.