ஸ்டான்லி மலையின் பனி போனால் நைல் வற்றுமா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். உகாண்டா - காங்கோ எல்லையில் இருக்கும் ஸ்டான்லி மலையில் பனியாறு உண்டு என்று வகுப்பில் சொன்னேன். நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் பனி எப்படி நிற்கும் என்று ஒரு மாணவி கேட்டாள். அது முழுக்க உருகிவிட்டால் நைல் வற்றிவிடுமா என்று இன்னொருவன் கேட்டான். இருவருக்கும் நிறைவாகப் பதில் சொல்ல முடியவில்லை. விளக்குங்களேன்.
- ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்

பதில்: மாணவியின் கேள்விக்கு உயரம்தான் விடை. அந்த மலையின் உச்சியான மார்கரிட்டா 5,109 மீட்டர். ஆப்பிரிக்காவில் கிளிமஞ்சாரோ, கென்யா மலை இரண்டுக்கும் அடுத்த இடம் அதற்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். கடல்மட்டத்தில் 27 டிகிரி என்று வைத்துக்கொண்டு மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நாற்பதுசொச்சம் கிலோமீட்டரில் இருந்தும் உச்சி உறைநிலைக்குக் கீழே நிற்பது அவர்களுக்கே விளங்கிவிடும்.

ஆனால் அந்தப் பனியின் வாழ்க்கை ஆல்ப்ஸ் பனியினுடையதைப் போன்றதல்ல. ஆல்ப்ஸில் குளிர்காலத்தில் பனி சேரும், கோடையில் உருகும். இங்கே எல்லா மாதமும் ஏறக்குறைய ஒரே வெப்பம். பனியாற்றின் மேற்பகுதியில் வருடம் முழுக்கப் புதுப்பனி விழுகிறது. அடிப்பகுதி வருடம் முழுக்க உருகுகிறது. காற்றின் வெப்பம் சிறிது கூடினால், பனியாக விழவேண்டியது மழையாக விழும். வெண்மையான புதுப்பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்; அது இல்லாதபோது அழுக்கேறிய பழைய பனிக்கட்டி வெயிலை உறிஞ்சி இன்னும் வேகமாகக் கரையும். இழந்ததை ஈடுகட்ட ஒரு குளிர்காலம் அங்கே வருவதில்லை. மேகமும் ஈரப்பதமும் குறைந்ததற்கு எவ்வளவு பங்கு, வெப்பம் கூடியதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் நடந்திருக்கிறது. பனி குறைகிறது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

கிளிமஞ்சாரோவும் கென்யா மலையும் எரிமலைகள். ஸ்டான்லி அடங்கிய ருவென்சோரி மலைத்தொடர் அப்படியல்ல. மேற்குப் பிளவுப் பள்ளத்தாக்கு உருவானபோது, மிகப் பழமையான பாறை மேலே தூக்கப்பட்டு எழுந்த மலை அது. இதையும் வகுப்பில் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவின் உயர்ந்த மலைகள் எல்லாமே எரிமலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது.

இந்த மலை பெரும்பாலும் மேகத்துக்குள்தான் கிடக்கும். ஆய்வுப் பயணி ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி இத்தொடரின் பனியைக் கண்டது 1888இல்தான். உச்சியில் முதலில் ஏறியது இத்தாலியின் அப்ருஸி கோமகன் குழு, 1906 ஜூன் 18 அன்று. குழுவில் விட்டோரியோ செல்லா என்ற பெரிய புகைப்படக் கலைஞர் இருந்தார். அவர் எடுத்த படங்களுக்கும் குழு வரைந்த வரைபடங்களுக்கும் இன்றைக்கு விலையே இல்லை என்பேன். அவற்றைக் கொண்டுதான் அப்போது இத்தொடரில் பனி கொண்டிருந்த ஆறு மலைகளிலும் சேர்த்துச் சுமார் ஏழரை சதுர கிலோமீட்டர் பனி இருந்தது என்று கணிக்க முடிந்தது. 2003 அளவில் அது ஒரு சதுர கிலோமீட்டருக்கும் கீழே வந்துவிட்டது. எமின், ஜெஸ்ஸி, லூயிஜி டி சவோயா ஆகிய மூன்று மலைகளிலும் 1990களுக்குள்ளேயே பனி தீர்ந்துபோனது. மிச்சத்தில் பெரும்பங்கு ஸ்டான்லியில்தான் இருக்கிறது, அதுவும் துண்டு துண்டாக.

இனி நைல். வற்றாது. ருவென்சோரியின் நீர் எட்வர்ட் ஏரி, செம்லிக்கி ஆறு, ஆல்பர்ட் ஏரி வழியாக வெள்ளை நைலுக்குப் போவது உண்மைதான். ஆனால் அந்த நீர் மழை தந்தது. மலையிலிருந்து இறங்கும் முபுக்கு ஆற்றில்கூட உருகிய பனியின் பங்கு மிகச் சொற்பம் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். பனி போனால் நதி செத்துவிடும் என்று பயமுறுத்திப் பாடம் நடத்துவதை என்னால் ஏற்க முடியாது. இமயத்தின் மேற்குப் பகுதியில் சிந்து நதிக்குப் பொருந்தும் நியாயத்தை எல்லா மலைக்கும் நீட்டுவது தவறு. பிள்ளைகள் பின்னாளில் உண்மையை அறியும்போது, நாம் சொன்ன மற்றவற்றையும் நம்பாமல் போவார்கள்.

அதற்காக இழப்பு சிறியது என்று ஆகிவிடாது. மலையடிவாரத்தில் வாழும் பகோன்ஸோ மக்களுக்கு அந்தப் பனி கிடசாம்பா என்ற தெய்வத்தின் இருப்பிடம். மழையும் விளைச்சலும் பிள்ளைப்பேறும் அங்கிருந்து வருவதாக நம்பி வழிபடுகிறவர்கள் அவர்கள். பனியைச் சுருங்கவைத்த புகையில் அவர்களுடைய பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. சுமைகூலியாகவும் வழிகாட்டியாகவும் மலையேறிப் பிழைப்பவர்களும் அவர்களில் உண்டு. பனிக்கட்டி இறங்கி விலகிய இடங்களில் வழுக்குப் பாறையும் புது வெடிப்புகளும் தோன்றுவதால், பழகிய தடங்களையே அவர்கள் மாற்ற வேண்டியிருக்கிறது. இதை நான் நதிநீர்க் கணக்கைவிடப் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

நைலுக்காகக் கவலைப்பட்ட மாணவனிடம் பனிக்குக் கீழே இருப்பதைப் பற்றிப் பேசுங்கள். புஜுக்கு பள்ளத்தாக்கில் பிகோ சதுப்புகள் இருக்கின்றன. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் லொபிலியாவும் மர உயரத்துக்கு நிற்கும் செனிசியோவும் அங்கே உண்டு. பெய்கிற மழையைப் பிடித்துவைத்து ஆற்றுக்கு மெல்ல விடுபவை அந்தச் சதுப்புகளும் அடிக்காடுகளும்தான். உகாண்டா 1991இல் அந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக்கியது. 1994இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2009இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தக் காடு வெட்டப்பட்டாலோ சதுப்பு தீப்பிடித்தாலோ, கீழே உள்ள ஆறுகள் அதை உடனே உணரும்.