தெரபி கட்டணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

என் மகனுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும்) இருக்கிறது என்று தெரிந்தபோது அவன் இரண்டாம் வகுப்பில் இருந்தான். விழுப்புரத்தில் வாடகை வீடு. கணவருக்கு டூ-வீலர் மெக்கானிக் வேலை, எனக்கு ஜெராக்ஸ் கடையில் சம்பளம். ஒரு தனியார் தெரபி மையத்தில் விசாரித்தோம். வாரம் மூன்று அமர்வு, அமர்வுக்கு 600 ரூபாய், மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும் என்றார்கள். மாதக் கணக்குப் போட்டால் எங்கள் வீட்டு வாடகையைத் தாண்டியது. அந்தப் பணத்தைப் புரட்ட வழியில்லாததால் வேறு வழி தேடினோம். அப்படித் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களைப் போன்ற வருமானத்தில் இருக்கும் பெற்றோருக்கு இது பயன்பட வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏ.டி.ஹெச்.டி.யை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. பிள்ளையைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதைக் கேட்டு, பிள்ளையோடு பேசிப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு பள்ளி என்று ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும். ஆகவே 'பிரெய்ன் மேப்பிங்' செய்தால்தான் தெரியும் என்று ஆயிரக்கணக்கில் யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். செலவில்லாமல் செய்ய வேண்டிய பரிசோதனைகள் வேறு இருக்கின்றன. கண் பார்வை, காது கேட்கும் திறன், ரத்தசோகை, தைராய்டு, இரவில் குறட்டை விட்டுத் தூக்கம் கெடுகிறதா என்பதெல்லாம் பார்த்துவிட வேண்டும். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளையும் வகுப்பில் கவனமில்லாமல்தான் இருக்கும். இவை எல்லாவற்றையும் அரசு மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே போவது? 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் சுகாதாரத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் கண்டறிய வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் ஏ.டி.ஹெச்.டி.யும் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வேனில் வரும் மருத்துவக் குழு இந்தத் திட்டத்தைச் சேர்ந்ததுதான். அவர்கள் அனுப்பி வைக்கும் இடம் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையம். பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். குழந்தை மருத்துவர், சைக்காலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர் என எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த மையத்தின் அமைப்பு. வேன் வரும்வரை காத்திருக்க வேண்டாம், நேரில் போய்க் கேளுங்கள். அங்கே வழி கிடைக்கவில்லையென்றால் அதே மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போடுங்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் எட்டும் தூரம். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இருக்கின்றன. முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நிமான்ஸ் அருகில்.

அரசு மருத்துவமனையில் கூட்டம் இருக்கும், மருத்துவர் நம்மோடு பேசும் நேரம் குறைவு. அந்த நேரத்தை முழுதாகப் பயன்படுத்தத் தயாராகப் போக வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டில், பிள்ளை எந்த நேரத்தில், எந்த வேலையின்போது, என்ன செய்கிறான் என்று சில வாரம் எழுதி வையுங்கள். வகுப்பாசிரியரிடம் அரைப்பக்கக் கடிதம் வாங்குங்கள். பள்ளி டைரி, பரீட்சைத் தாள்கள், பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். "ரொம்ப சேட்டை டாக்டர்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. "சாப்பிட உட்கார்ந்தா நாலு தடவை எழுந்து போறான், ரோட்டுல கையை உதறிட்டு ஓடுறான்" என்றால் தெரியும். பெண் பிள்ளைகள் பலரிடம் இந்தச் சேட்டை இருக்காது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும், பென்சிலைத் தொலைக்கும், பாதிக் கணக்கோடு நிறுத்திவிடும். அதையும் இதே கண்ணோடு பாருங்கள்.

எங்களைப் பார்த்த மருத்துவர் கேட்ட ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் தெளிவாக்கியது. "ஏம்மா, வாரத்துல மூணு மணி நேரம் தெரபிஸ்ட்கிட்ட இருப்பான். மிச்ச நேரம் பூரா உங்ககிட்டதானே இருக்கான்? அப்ப முதல்ல யாருக்குச் சொல்லிக் கொடுக்கணும்?"

ஏ.டி.ஹெச்.டி.க்கு நல்ல ஆதாரமுள்ள நடத்தைச் சிகிச்சையில் பெரும்பகுதி, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கொடுக்கும் பயிற்சிதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன்பாகப் பெற்றோர் பயிற்சியைத்தான் சொல்கிறது. ஆறு வயதுக்கு மேல் மருந்தோடு சேர்த்து இந்தப் பயிற்சி. இது புரிந்ததும் எங்கள் செலவுக் கணக்கே மாறிவிட்டது. வாரம் மூன்று முறை பிள்ளையை விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருப்பதற்குப் பதிலாக, மாதம் ஒரு முறை நானும் கணவரும் ஒரு கிளினிகல் சைக்காலஜிஸ்டிடம் போனோம். வீட்டில் என்ன சிக்கல், அதற்கு என்ன செய்வது, அடுத்த மாதம் என்ன பார்ப்பது என்பதை மட்டும் பேசினோம். அவர் ஒரு அமர்வுக்கான கட்டணம்தான் வாங்கினார். பிறகு அதே சிக்கலோடு வந்த இன்னும் மூன்று குடும்பங்களோடு சேர்ந்து குழுவாக உட்கார்ந்தோம், தொகை இன்னும் குறைந்தது. யாரிடம் போனாலும் இந்திய மறுவாழ்வுக் குழுமமான ஆர்.சி.ஐ.யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கிளினிகல் சைக்காலஜிஸ்ட்டுக்கும் சிறப்புக் கல்வியாளருக்கும் அந்தப் பதிவு கட்டாயம். முறையாகப் படித்தவர் அதைக் கேட்டால் கோபப்பட மாட்டார்.

அங்கே கற்றதில் வீட்டில் அதிகம் பலன் கொடுத்ததைச் சொல்கிறேன். சமையல்கட்டிலிருந்து கத்திச் சொல்வதை நிறுத்தினேன். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலையைச் சொன்னேன். "கிளம்பு" என்பதில் ஐந்து வேலை அடங்கியிருக்கிறது. அந்த ஐந்தும் அவன் மனதில் நிற்காது. பல் தேய்ப்பதில் தொடங்கி பையை மாட்டுவது வரை படம் வரைந்து கதவில் ஒட்டினோம். வீட்டுப்பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, நடுவில் மாடிப்படி ஏறி இறங்கவிட்டோம். செய்ததை அந்த நொடியே பாராட்ட வேண்டும் என்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. நம் வீடுகளில் தப்பைச் சொல்லும் வேகத்தில் நல்லதைச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்ற வாக்குறுதி இந்தப் பிள்ளைகளிடம் வேலை செய்யாது. இப்போதே ஒரு ஸ்டார், ஐந்து ஸ்டாருக்கு அப்பாவோடு ஒரு ரவுண்டு பைக்கில் என்றால் வேலை செய்யும். என் மாமியாரிடம், "அத்தை, அவன் வேணும்னு பண்ணல, பிரேக் பிடிக்க இன்னும் வரல" என்று விளக்கினேன். ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர், இந்தப் பிள்ளைகளின் தன்கட்டுப்பாடு வயதுக்குச் சுமார் 30 சதவீதம் பின்தங்கியிருக்கும் என்று ஒரு கணக்கு சொல்வார். பத்து வயதுப் பையனிடம் ஏழு வயதுக்குரியதை எதிர்பாருங்கள் என்பது அதன் பொருள். வீட்டுப் பெரியவர்களுக்குச் சட்டென்று புரிந்தது இந்தக் கணக்குதான். பார்க்லியின் உரைகள் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பள்ளியில் ஒரு ரூபாய் செலவில்லாமல் எங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி, தினமும் டைரியில் வந்த மூன்று டிக்குகள். இடத்தில் உட்கார்ந்தானா, கையெழுத்துப் பாடத்தை முடித்தானா, யாரையும் அடிக்காமல் இருந்தானா என்று மூன்று வரி. டீச்சர் மாலையில் டிக் போடுவார், டிக்குக்கான பரிசை வீட்டில் நாங்கள் கொடுப்போம். நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியரால் இதற்கு மேல் எழுத முடியாது. எழுதச் சொல்லிக் கேட்கவும் கூடாது. முதல் பெஞ்சில் இடம், நடுநடுவே போர்டு அழிக்கவும் நோட்டுகளைத் தூக்கிச் செல்லவும் எழுப்பிவிடுவது, இவ்வளவுதான் நாங்கள் கேட்டது. புகார் சொல்லும் தொனியில் இல்லாமல், "டீச்சர், வீட்டுல நாங்க இப்படிப் பண்றோம், நீங்களும் கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் செய்கிறார்கள். அரசுப் பள்ளியாக இருந்தால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பற்றித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அந்த மையங்களின் மூலம் நடக்கும் மருத்துவ முகாமுக்கும் பிள்ளையை அழைத்துப் போங்கள்.

அடிக்கும் பள்ளியும் இருக்கிறது, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் பள்ளியும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 16-ஆவது பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் பற்றியும் பலர் என்னிடம் கேட்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஏ.டி.ஹெச்.டி. தனியாக இல்லை. கற்றல் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் இருக்கின்றன. ஏ.டி.ஹெச்.டி. உள்ள பிள்ளைகளில் பலருக்கு வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் சேர்ந்தே வரும். அதனால் எட்டு வயதுக்குப் பிறகும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறினால், கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீட்டைத் தனியாகக் கேளுங்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு அலைந்தால் காலம் போதாது.

மருந்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏ.டி.ஹெச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மருந்து இந்தியாவில் 'ஷெட்யூல் எக்ஸ்' பட்டியலில் இருக்கிறது. மருந்துச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. அந்தக் கெடுபிடி, தவறாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக. மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்து, எடை, உயரம், ரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தவறாமல் பார்த்துவந்தால் பல பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. பசி குறையும், அதனால் நாங்கள் காலையில் மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையச் சாப்பிட வைத்துவிடுவோம். சீட்டு எழுதும்போதே, மருத்துவமனை மருந்தகத்தில் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். மூளைக்கு என்று விற்கும் பவுடர்கள், கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கும் 'மிட்பிரெய்ன்' வகுப்புகள், நூறு சதவீதம் குணம் என்று உத்தரவாதம் தருபவர்கள், இப்படி எதற்கும் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் செய்யும் தாய்க்கும் தகப்பனுக்கும் தாங்கமுடியாத நாள் வரும். 2022 முதல் மத்திய அரசு நடத்தும் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளைக்காக மட்டுமின்றி உங்களுக்காகவும் அழைக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் இன்றைக்கே அந்த எண்ணை அழைத்து, உங்கள் மாவட்டத்தில் எந்த மருத்துவமனைக்கு, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கி முன்பணம் கட்டுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.