மேற்கோள் எண்ணிக்கையும் மெண்டலின் கட்டுரையும்

ஒரு விஞ்ஞானியின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோளாகக் காட்டினர் என்று கணக்கிட்டு, அவற்றின் செல்வாக்கை மதிப்பிடுவது இக்கால வழக்கம். மரபியல் துறைக்கென இத்தகைய மேற்கோள் அட்டவணை ஒன்றை அமெரிக்க அறிஞர் யூஜீன் கார்ஃபீல்டு 1963-இல் வெளியிட்டார். ஆயினும், இவ்வளவுகோலின் குறையை அத்துறையின் மூலக் கட்டுரையே புலப்படுத்துகிறது.

கிரெகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளை எட்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாகவே வளர்ந்தது. அடுத்த தலைமுறையில் நெட்டை மூன்றுக்குக் குட்டை ஒன்று என்ற விகிதம் தோன்றியது. 1866-இல் அச்சேறிய இம்முடிவுகளை மேற்கோள் காட்டியோர் மிகச் சிலரே. மெண்டல் 1884-இல் மறைந்தார். 1900-இல் டி விரீஸ், கோரன்ஸ், செர்மாக் ஆகியோரின் கட்டுரைகள் வழியே அவை வெளிச்சம் பெற்றன.

ஆதலின், மேற்கோள் எண்ணிக்கை ஒரு கட்டுரை பெற்ற கவனத்தைக் காட்டுமேயன்றி, அதன் உண்மையைக் காட்டாது. ஆராய்ச்சியை மதிப்பிடுவோர் எண்ணிக்கையோடு நில்லாது கட்டுரையையும் படித்தல் வேண்டும்.