பனியை எந்தப் பக்கம் குவித்தேன்

2022 ஜனவரி 17. ரொறொன்ரோவின் சில இடங்களில் அரை மீற்றர் அளவுக்குப் பனி கொட்டி, டொன்வலி பார்க்வே, கார்டினர் நெடுஞ்சாலைகளை மூடிய நாள். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தை என் ட்ரக்கோடு நானும் வேலைப் பெடியனும் மறுநாள் வரை தள்ளித் துப்புரவாக்கினோம். ஒரு கடைகூடத் திறக்கப் பிந்தவில்லை. அதை இப்போதும் பெருமையாகத்தான் சொல்வேன்.

பிளேட்டைச் சரிபார்ப்பது, கொட்டக் கொட்டத் தள்ளுவது, ஓரங்களைக் கையால் வழிப்பது எல்லாம் இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலை. நான் விட்ட பிழை வேறு. அள்ளிய பனி முழுவதையும் தரிப்பிடத்தின் மேட்டுப் பக்கத்தில் குவித்தேன்.

பள்ளத்துப் பக்கம் வடிகால் இருந்தது. அங்கே குவிக்கலாமா என்று கேட்டேன். பத்துக் கார் நிற்கிற இடம் போய்விடும் என்றார் பிளாசாவைப் பராமரிக்கிற நிறுவனத்துக்காரர். லொறியில் ஏற்றி அகற்றவும் காசு தரமாட்டாராம். நான் தலையாட்டினேன்.

பெப்ரவரியில் ஒரு பகல் வெயில் எறித்தது. குவியல் கரைந்து, தண்ணீர் தரிப்பிடம் முழுக்கக் குறுக்காக ஓடியது. இரவு குளிர் இறங்க, அது அப்படியே உறைந்தது. பனி கொட்டாத நாள் என்பதால் என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால்தான் உப்புப் போடலாம் என்பது ஒப்பந்தம்.

காலையில் மரக்கறிக் கடைக்கு வந்த ஓர் அம்மா விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பிறகு போய்ப் பார்த்தபோது, "தம்பி, ஈரமெண்டு நினைச்சுத்தான் காலை வச்சனான்" என்றார். கறுப்புத் தாரில் உறைந்த மெல்லிய ஐஸ் எனக்கே ஈரமாகத்தான் தெரிந்திருக்கும்.

ஒன்ராறியோவில் 2021 முதல், பனியில் விழுந்தவர் வழக்குப் போட நினைத்தால் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் எனக்கும் வந்தது. நிறுவனத்துக்காரர், குவித்த இடம் என் முடிவு என்றார். வாயால் பேசியதற்கு என்னிடம் ஒரு வரிகூட ஆதாரம் இல்லை. காப்புறுதிக் கட்டணம் ஏறியது, அடுத்த குளிர்காலம் ஒப்பந்தமும் போனது.

இன்று குவிக்கும் இடம் குறித்த வரைபடம் இல்லாமல் நான் கையெழுத்து வைப்பதில்லை. இளகி உறையும் இரவுகளில் கேட்காமலே உப்புப் போடும் உரிமையையும் எழுதி வாங்குகிறேன். போன நேரம், வெப்பநிலை, போட்ட உப்பின் அளவு, படம் எல்லாம் கைபேசியில் ஏறும். −10 பாகைக்குக் கீழே சாதாரண உப்பு பெரிதாக வேலை செய்யாது. அப்போது கல்சியம் குளோரைட் கலந்தது வேண்டும். மலிவு உப்பை நம்பி விலையைக் குறைத்துக் கேட்கிறவர்களோடு நான் போட்டிக்கு நிற்பதில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் நவம்பரில், நிலம் தெரியும்போதே, ஒரு மழைநாளில் போய் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பாருங்கள்.